கூத்துக்களம் முதல் கைப்பேசி வரை

சிறுவர் உள்ளத்தைக் கெடுப்பது எது என்னும் வினா பழமையானது. அவ்வினாவுக்கு இக்காலத்தில் பலரும் கூறும் விடை, கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்படும் கொலை விளையாட்டுகள் என்பதாகும். சுடுதல், வெட்டுதல், வீழ்ந்தவனை மீண்டும் சுடுதல் ஆகியவற்றையே ஆட்டமாகக் கொண்ட இவற்றில் நாள்தோறும் தோயும் சிறுவன் நாளை பள்ளியிலும் தெருவிலும் அவ்வாறே நடப்பான் என்று அஞ்சுகின்றனர் பெற்றோர். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் போன்ற சிறு நகரங்களிலும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவ்வச்சமும் உடன் எழுகின்றது.

இக்குற்றச்சாட்டை உடனே உண்மையென்று ஒப்புதலும் எளிது. உடனே பொய்யென்று தள்ளுதலும் எளிது. இரண்டும் ஆராய்ச்சி ஆகா. இம்மண்ணில் வாழ்ந்த தமிழர் இதற்கு முன்னும் இத்தகைய அச்சம் கொண்டிருந்தனரா, அஃது எவற்றின்மேற் சென்றது, அவ்வச்சம் உண்மையில் எதனைக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்தரும்.

வெகுளி பிறக்கும் இடம்

தமிழர் விளையாட்டிற் போர் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிறுமியர் மணலாற் கட்டிய வீட்டைச் சிறுவன் காலால் அழிக்கின்றான். அவர்கள் அழிக்க வேண்டா என்று இரக்கின்றனர். பறையும் தேரும் போர்க்களத்துப் பொருள்களின் சிற்றுருவங்களே. முல்லைக்கலியோ ஏறு தழுவும் இளைஞர் கொம்பினாற் குத்துண்டு குருதி சிந்துவதை ஒளிக்காது காட்டுகின்றது. இவற்றைப் பாடிய புலவர் எவரும் விளையாட்டு வன்மையைக் கண்டு குலம் கெட்டது என்று புலம்பவில்லை.

அதனினும் எண்ணத்தக்கது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளி ஒன்று. அது தோன்றும் நிலைக்களங்கள் நான்கு என்கின்றார் ஆசிரியர். உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அடித்தும் வைதும் அலைத்தல், கொல்லுதல் என்பன அவை. இவ்விலக்கணம் செய்யுளுக்கு உரியதாயினும், மக்கள் உள்ளத்தை அறிந்தவர் வகுத்தது. நான்கும் ஒருவனுக்கு உண்மையாக இழைக்கப்படும் கேடுகள் என்பது நோக்கத்தக்கது. இந்நான்கையும் நினைவிற் கொண்டு இனி வருவனவற்றைக் காண்க.

தோட்டத்துக் கூத்து

மலாக்காவில் தான் சே யான் என்பார் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு இரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் அதுவே என்பர். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்தனர். வந்தவர் தம் மாரியம்மனையும் மதுரை வீரனையும் முனியாண்டியையும் உடன் கொணர்ந்தனர், கூத்தையும் கொணர்ந்தனர்.

பகலெல்லாம் பால்வெட்டிக் களைத்தவர் திருவிழா இரவில் கூத்துக்களத்தைச் சூழ்ந்து அமர்வர். அங்கே கண்டவை மென்மையானவை அல்ல. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்படுகின்றான். இரணியன் வயிறு கிழிக்கப்படுகின்றது. பாரதக் கூத்தில் துச்சாதனன் குருதியே சூளுரையின் பொருள். தாயின் மடியிலிருந்த குழந்தையும் இவற்றைக் கண்டது. விடிந்தபின் சிறுவர் மட்டைக் கத்தி செய்து லயத்துக்கு முன்னே வீரனாக ஆடினர். கிட்டிப்புள்ளும் கவணும் சிலம்பமும் அவர்தம் பிற ஆட்டங்கள்.

கூத்தின் கொலைக்கு மூன்று வரம்புகள் இருந்தன. முதலாவது, அது திருவிழாவன்று மட்டும் நிகழ்ந்தது. இரண்டாவது, அதற்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன. மங்களம் பாடியபின் கூத்து இல்லை. மூன்றாவது, குழந்தையின் அருகிற் பெரியோர் இருந்தனர். வீரனுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று பாட்டி கண்ணீர் வடித்தபோது, குழந்தை அக்கண்ணீரையும் சேர்த்தே கண்டது. வன்செயலைக் கண்ட கண்ணுக்கு அதன் பொருளைச் சொல்லும் வாய் பக்கத்திலேயே இருந்தது.

படக்கொட்டகை அச்சம்

அடுத்து வந்தது திரைப்படம். நீரிணைக் குடியேற்ற நாடுகளில் அரங்குகளை அடக்கும் சட்டம் 1908ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மக்கள் தீயன கற்பர், ஆட்சியாளர்மேல் மதிப்பிழப்பர் என்னும் இரண்டு அச்சங்களும் குடியேற்ற ஆட்சியின் படத் தணிக்கையில் இணைந்தே இருந்தன. 1952ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நிலவி, 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இடம் கொடுத்தது.

தமிழ்ப் படம் 1931ஆம் ஆண்டில் பேசத் தொடங்கியது. 1950ஆம் ஆண்டின் மந்திரி குமாரி, 1956ஆம் ஆண்டின் மதுரை வீரன், 1958ஆம் ஆண்டின் நாடோடி மன்னன் ஆகியவற்றில் எம்.ஜி.ஆர். சுழற்றிய வாளைத் தோட்டத்துச் சிறுவர் மூங்கிற் கழியாற் சுழற்றினர். நகரத்துக் கொட்டகைக்குச் செல்ல இயலாதவர்க்குத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டப்பட்டது. கூத்தில் வீரனைக் கண்டு கண்ணீர் வடித்தவரின் பேரன் அதே வீரனைத் திரையிற் கண்டான். ஆனால் கூத்தைக் குறை கூறாத பெரியோர் படத்தைக் குறை கூறினர். சண்டைக் காட்சிகளே இளைஞரைக் கெடுக்கின்றன என்பது மேடைப் பேச்சாயிற்று.

அக்காலத்துச் சிறுவர் திரைக்கு வெளியே கண்டவை யாவை? 1942ஆம் ஆண்டு சனவரியில் மலாக்கா சப்பானியர் கைப்பட்டது. தோட்டத்துத் தமிழர் பலர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் மாண்டனர். போர் முடிந்து மூன்றாண்டுகள் ஆகுமுன் 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் பிறந்து, 1960ஆம் ஆண்டுவரை நீடித்தது. துப்பாக்கி, ஊரடங்கு, சோதனை, முள்வேலி ஆகியவை சிறுவரின் அன்றாடக் காட்சிகள். தோட்டத்துக் கள்ளுக்கடையோ சம்பள நாளின் இரவைச் சண்டையால் நிறைத்தது. தந்தையை இழந்த சிறுவனையும், குடித்த தந்தையிடம் அடிபட்ட சிறுவனையும் விட்டு, அவன் கையிலிருந்த மூங்கில் வாளைக் குற்றவாளியாக்கியது அக்காலத்து அச்சம்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய பிழையன்று. அமெரிக்காவில் பிரெடரிக் வெர்த்தாம் என்னும் மனநல மருத்துவர் 1954ஆம் ஆண்டில், சித்திரக்கதைப் புத்தகங்களே இளையோர் குற்றங்களுக்குக் காரணம் என்று நூல் எழுதினார். நாடாளும் மன்றத்தார் விசாரணை நடத்தினர். பதிப்பகத்தார் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். பிரிட்டன் 1955ஆம் ஆண்டில் தீய வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. வெர்த்தாமின் கையெழுத்துக் குறிப்புகள் பின்னாளில் ஆராய்ச்சிக்குத் திறக்கப்பட்டன. அவற்றைப் பார்வையிட்ட கேரல் டில்லி என்னும் அறிஞர், அவர் தம் கொள்கைக்கு ஏற்பச் சிறுவரின் வாக்குமூலங்களை மாற்றியும் திரித்தும் எழுதியிருந்தார் என்று 2012ஆம் ஆண்டில் நிறுவினார். நன்னோக்கம் உடையாரும் சான்றை வளைக்கக் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பொறி விளையாட்டுகள்

நியூயார்க்கு நகரத் தலைவர் லா குவார்டியா குண்டுருட்டும் பொறி மேசைகளை 1942ஆம் ஆண்டில் தடை செய்து, அவற்றைச் சுத்தியலால் உடைப்பித்தார். அத்தடை நீங்க 1976ஆம் ஆண்டாயிற்று. சிங்கப்பூரில் 1959ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த அரசு ‘மஞ்சள் பண்பாடு’ என்ற பெயரால் இசைப்பெட்டிக் கூடங்களையும் இத்தகைய மேசைகளையும் அகற்றியது. திரையில் மனிதவுருவை வண்டியால் மோதி வீழ்த்தும் ஓர் ஆட்டம் 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெருங்கண்டனம் எழுப்பியது. பிலிப்பைன்சில் மார்க்கோசு 1981ஆம் ஆண்டு நவம்பரில் வீடியோ விளையாட்டுப் பொறிகள் அனைத்தையும் தடை செய்தார். இராணுவச் சட்டத்தால் நாட்டை ஆண்டு, எதிர்த்தவரைச் சிறையிட்ட ஒருவர், இளைஞர் ஒழுக்கத்துக்காக ஆட்டப் பொறியை உடைக்கச் சொன்னது வரலாற்றின் நகைச்சுவைகளுள் ஒன்று.

மலேசியாவில் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் வீடியோ நாடாக்கள் லயங்களுக்குள்ளும் புகுந்தன. நகரங்களிற் காசிட்டு ஆடும் பொறிக்கூடங்கள் தோன்றின. படக்கொட்டகையைக் குறை கூறிய நாவு நாடாவையும், நாடாவைக் குறை கூறிய நாவு பொறிக்கூடத்தையும் குறை கூறிற்று. சொற்கள் மாறவில்லை, குற்றவாளியின் பெயரே மாறியது.

அண்டை மாநிலத்து வேண்டுகோள்

2019ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிற் பள்ளிவாசல்கள் இரண்டிற் புகுந்த கொலையாளி ஒருவன் 51 பேரைக் கொன்றான். அதனையொட்டி, மலாக்காவின் அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானின் முப்தி முகமது யூசோப் அகமது, பப்ஜி என்னும் சுடும் விளையாட்டைத் தடை செய்ய வேண்டும் என்றார். தம்பினும் புலாவ் செபாங்கும் ஓர் இரயில் நிலையத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள். அங்கு எழுந்த பேச்சு மலாக்காத் தோட்டங்களை எட்ட நெடுநேரம் ஆகாது. அப்போதைய இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் சையது சாதிக், வீடியோ விளையாட்டுகள் தோன்றுமுன்பே பயங்கரவாதம் இருந்தது என்று மறுமொழி கூறினார். அவ்வாண்டுக்கென அரசு அறிவித்த வரவு செலவுத் திட்டத்தில் மின்விளையாட்டுப் போட்டித் துறைக்கு 1 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டிருந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே விளையாட்டு நஞ்சாகவும் தொழிலாகவும் காணப்பட்டது.

அதே மார்ச்சுத் திங்களில் குசராத்தின் இராசகோட்டில் காவல்துறையார் பப்ஜியைத் தடை செய்து, ஆடிய மாணவரைக் கைது செய்தனர். இந்திய அரசு 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் 118 செயலிகளைத் தடை செய்தபோது அவற்றுள் அதனையும் சேர்த்தது. ஆயின் அத்தடைக்குக் கூறப்பட்ட காரணம் சிறுவர் ஒழுக்கம் அன்று. நாட்டின் பாதுகாப்பும் இறையாண்மையும் ஆகும். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் சிலாங்கூர் இடைநிலைப் பள்ளியொன்றில் மாணவி ஒருத்தி கொல்லப்பட்டபோது பழைய வினா மீண்டும் எழுந்தது. பெருந்துயரத்தின் நடுவே மக்கள் ஒரு காரணத்தைத் தேடுவர்; கைக்கு எட்டுவது கைப்பேசியே.

ஆராய்ச்சி கூறுவது

அமெரிக்க உளநூலறிஞர் ஆல்பர்ட் பண்டுரா 1961ஆம் ஆண்டில் 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள், பின்னர்த் தாமும் அவ்வாறே அடித்தன. 1963ஆம் ஆண்டில் அதனைத் திரையில் காட்டியபோதும் பின்பற்றின. காட்சி சிறுவரைத் தீண்டவே தீண்டாது என்பார் இதனை மறக்கலாகாது. எனினும் பொம்மையை அடித்தல் தோழனை அடித்தல் ஆகாது. மேலும், அம்முதற் சோதனையிற் குழந்தை பின்பற்றியது திரையை அன்று. தன் கண்ணெதிரே நின்ற பெரியவரை.

கணினி விளையாட்டுகளைப் பற்றி அறிஞர் இரு பிரிவாய் நெடுங்காலம் வாதிட்டனர். கிரெயிக் ஆண்டர்சன் முதலியோர் அவை முரட்டுத்தனத்தைக் கூட்டும் என்றனர். கிறிஸ்டோபர் பெர்குசன் முதலியோர் மறுத்தனர். 2011ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறுவர்க்கு வன்முறை விளையாட்டு விற்பதைத் தடுத்த கலிபோர்னியாச் சட்டத்தை ஏழுக்கு இரண்டு என்னும் தீர்ப்பால் நீக்கியது. காட்டப்பட்ட ஆய்வுகள் காரண காரியத்தை மெய்ப்பிக்கவில்லை என்றது. 2019ஆம் ஆண்டில் பிரிட்டிசு பல்கலைக்கழக அறிஞர் இருவர், 14, 15 வயதுடைய 1,004 பிரிட்டிசு இளையோரை ஆராய்ந்தனர். நடத்தையைப் பெற்றோரிடமும் கேட்டனர். விளையாட்டின் கொடுமையை அரசேற்ற தர வரிசையால் அளந்தனர். அக்கொடுமைக்கும் இளையோரின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020ஆம் ஆண்டில், கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுச் செயல்களோடு சிறிதளவு தொடர்புண்டு என்றும், உண்மையான வன்செயலுக்கு இவ்விளையாட்டுகளைக் காரணமாக்கப் போதிய சான்றில்லை என்றும் அறிவித்தது.

இவற்றின் திரண்ட பொருள் தெளிவு. ஆட்டத்தை விட்டெழுந்த சிறுவன் தம்பியைத் தள்ளக்கூடும். கத்தியெடுத்துக் கூட்டஞ் சேர்பவனை ஆக்கியது ஆட்டம் என்பதற்குச் சான்றில்லை. அவனை ஆக்கியது எது என்பது வேறு வினா. தோட்டத் தமிழர்க்கு அவ்வினாவே உயிர்நாடி.

குடி கலைந்த கதை

மலேசிய உள்துறை அமைச்சு 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் ஏறத்தாழ 40,000 பேர். அவருள் பத்தில் எழுவர் இந்தியர் என்றது. நாட்டு மக்களுள் இந்தியர் நூற்றுக்குப் பத்துப் பேரும் இல்லை என்பதை நினைந்தால் அவ்வெண்ணின் சுமை விளங்கும். கணினி விளையாட்டே காரணமாயின், அவற்றை ஆடும் மலாய், சீன இளையோரிடையேயும் அதே அளவு கேடு தோன்றியிருத்தல் வேண்டும். ஆட்டம் எல்லார்க்கும் பொது. கேடு ஒரு சாரார்மேல் மிகுந்து வீழ்ந்தது. ஆகவே காரணத்தை அச்சாரார் வாழ்விலே தேடுதல் முறை.

இரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பின்னர் நகரை அடுத்த தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. நான்கு தலைமுறைகள் உழைத்த மண்ணில் ஒரு சாண் நிலமும் இல்லாமற் குடும்பங்கள் வெளியேறின. லயம் ஏழ்மையானது; ஆயினும் அங்கே கோயிலும் பள்ளியும் ஆயாக்கொட்டகையும் இருந்தன. தாய் பால்வெட்டச் சென்றாலும் பிள்ளையை அறிந்தவர் ஊரெல்லாம் இருந்தனர். புறம்போக்குக் குடிசைக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் சென்றபோது அவ்வுறவுகள் அறுந்தன. இருபாலாரும் தொழிற்சாலை முறைவேலைக்குச் சென்றனர். பிள்ளையின் மாலைப்பொழுதுக்கு உரியவர் எவரும் இலர். அவ்விடத்தில் ‘அண்ணன்’ என்ற பெயரோடு கும்பல் வந்து நின்றது. தொல்காப்பியர் கூறிய குடிக்கேடு என்பதன் பொருளை விளக்க இதனினும் வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

இவ்வுண்மையைக் கலையாகக் காட்டியது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்னும் மலேசியத் தமிழ்ப் படம். ‘தீய’ என்னும் பொருள்பட்ட மலாய்ச் சொல் தமிழர் நாவில் திரிந்த வடிவே அப்பெயர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்து, 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவிற் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசு பெற்றது. 1990களின் தொடக்கத்திற் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் அப்போய் என்னும் சிறுவன் திரைப்படத்தையும் நடிப்பையும் விரும்புகின்றான். அவனைக் கெடுத்தது அவ்விருப்பம் அன்று. பள்ளியில் அடி, வீட்டில் அடி. மதித்துப் பேசுவோர் கும்பலைச் சார்ந்தவர். அடிக்குப் பயந்தவன் அடிப்பவனை நாடுகின்றான். அலைத்தலால் வெகுளி பிறக்கும் என்ற பழைய நூலுக்கு இப்படம் ஓர் உரை எனலாம்.

உண்மையில் மாறியது

இவ்வாறு கூறுவதால் கைப்பேசி ஆட்டம் தீங்கற்றது என்று கொள்ளற்க. கூத்துக்கு இருந்த மூன்று வரம்புகளும் இதற்கு இல்லை. நாளும் இரவும் ஆடலாம். மங்களம் என்பது இல்லை. பக்கத்தில் எவரும் இலர். உலக நலவாழ்வு நிறுவனம் ஆட்டத்துக்கு அடிமையாதலை நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நோயின் இலக்கணத்தில் வன்முறை என்ற சொல் இல்லை. கட்டுப்பாடு இழத்தலே அதன் அடையாளம். தமிழ்நாட்டு அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025ஆம் ஆண்டில் விதி வகுத்தபோது, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆட இயலாதவாறு தடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதியை ஏற்றது. கவனம் ஆட்டத்தின் கதையை விட்டு ஆடும் நேரத்துக்கு வந்திருத்தல் நல்ல திருப்பமாகும்.

ஆகவே, மாணவன் முரடனானான் என்று கேள்வியுறும் ஆசிரியர், அவன் எந்த விளையாட்டை ஆடினான் என்று கேட்குமுன் கேட்க வேண்டியவை சில உள. இரவு எத்தனை மணிக்கு உறங்கினான்? பள்ளி விட்டபின் அவனோடு யார் இருந்தார்? வீட்டில் யார் கை அவன்மேல் விழுகின்றது? பள்ளியில் அவனை இழிசொல்லால் அழைப்பவர் யார்? இவ்வினாக்கள் எளியவை அல்ல. கேட்பவரையும் திரும்பி நோக்குபவை. கைப்பேசியைக் குறை கூறின் எவர் மனமும் நோகாது. அதனாலேயே அக்குறை இத்தனை விரைவில் நாவிற்கு வருகின்றது.

தடைகள் பலவற்றைக் கண்டது கடந்த நூற்றாண்டு வரலாறு. பொறி மேசையை உடைத்தனர், சித்திரக்கதையை ஒடுக்கினர், இசைப்பெட்டியை அகற்றினர். ஒவ்வொன்றும் போனபின் அடுத்தது வந்தது. இவற்றுக்கு ஆன உழைப்பிற் பாதி, மாலைநேரத்தில் பள்ளித் திடலைத் திறந்து வைத்து ஒரு சிலம்ப ஆசானையோ கால்பந்துப் பயிற்றுநரையோ அமர்த்துவதற்குச் சென்றால் சிறுவர் கை தானே கைப்பேசியை வைக்கும். பாட்டி கூத்தருகே இருந்ததுபோல், மகன் ஆடும்போது தந்தை ஒருநாள் அருகமர்ந்து, அது யாது என்று கேட்டறிதலும் வேண்டும். மணல்வீட்டை மிதித்த சிறுவனை நோக்கிப் பிள்ளைத்தமிழ்ச் சிறுமியர் வேண்டுகோள் விடுத்தனர். அவன் முன்னே நின்று பேசினர். பேச ஆளுள்ள சிறுவன் திருந்துவான்.